பழைய மாடல் ரயில் பெட்டிக்குப் புதுச் சக்கரம்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் கிளம்பியது 2011 ஜூன் 30 இரவு. அந்த ரயிலின் நினைவாக வீட்டு மேசையில் பழைய லிமா, ஹார்ன்பி மாடல் பெட்டிகளை ஓட்டுபவரா நீங்கள்? முதலில் பிளாஸ்டிக் சக்கரங்களை மாற்றி உலோகச் சக்கரங்களைப் போடுங்கள். பிளாஸ்டிக் சக்கரங்கள் தண்டவாளத்தில் அழுக்கை அப்பிவிடும். பழைய லிமா சக்கரத்தின் விளிம்பும் ஆழமானது. உயரம் குறைந்த புதிய தண்டவாளத்தில் தடதடக்கும்.

புதுச் சக்கரம் வாங்குமுன் பழைய அச்சின் நீளத்தை முனைக்கு முனை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் சக்கரம் இறுகும், குறைந்தால் ஆடும். ஜாலான் புசார் சிம் லிம் டவரில் வெர்னியர் போன்ற கருவிகள் கிடைக்கும். பொருத்தியபின் விரலால் சுண்டினால் சக்கரம் தடையின்றிச் சுழன்று தானாக நிற்க வேண்டும்.

உலோகச் சக்கர இணையில் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே மின்காப்பு இருக்கும். உலோக போகியில் (அச்சுகளைத் தாங்கும் சட்டத்தில்) ஓர் அச்சைத் திருப்பிப் போட்டாலும் ஷார்ட் ஆகும். காப்புள்ள சக்கரங்கள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கட்டும்.

போகியையே மாற்றினால் கொக்கியை யோசியுங்கள். கொக்கியைப் பெட்டியின் அடியில் பொருத்துவது அழகுதான். ஆனால் அடுக்குமாடி வீட்டு மேசையின் குறுகிய வளைவில் நீளப் பெட்டி தடம் புரளும், கொக்கியைப் போகியிலேயே விடுங்கள்.

அச்சு முனையில் எண்ணெய் வேண்டாம், தூசி ஒட்டும். பழைய சக்கரங்களையும் எறியாதீர்கள். பெட்டியை விற்கும்போது சேகரிப்பாளர்கள் கேட்பார்கள்.