பெங்களூருக்கு ஓடாமல் சர்வரை எழுப்ப

மைசூரு ஹெப்பாலில் இன்ஃபோசிஸ் வளாகத்தில் பயிற்சி முடித்து வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் பெரிய சோதனை பெரும்பாலும் இரவு ஷிஃப்ட்டில்தான் வரும். சர்வர் பெங்களூரில் ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது. நீங்கள் 145 கிலோமீட்டர் இந்தப் பக்கம். பிங் போகவில்லை, எஸ்எஸ்எச் திறக்கவில்லை. கை நேரே ரீஸ்டார்ட்டுக்குப் போகும். கொஞ்சம் பொறுங்கள்.

படுத்தது சர்வரா, அதற்குப் போகும் வழியா? அதே ரேக்கில் இருக்கும் இன்னொரு சர்வரைக் கூப்பிட்டுப் பாருங்கள். அதுவும் பேசவில்லை என்றால் சுவிட்ச்சையோ உங்கள் விபிஎன்னையோ சந்தேகப்படுங்கள். அந்த நேரத்தில் ரீஸ்டார்ட் கொடுத்தால், ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை நீங்களே நடுவில் அறுத்துவிடுவீர்கள்.

சர்வர்தான் ஹேங் ஆகியிருக்கிறது என்று உறுதியானால் பிஎம்சிக்குள் நுழையுங்கள். மதர்போர்டில் தனியாக இருக்கும் குட்டிக் கணினி அது. ஆபரேட்டிங் சிஸ்டம் உறைந்தாலும், சர்வரையே அணைத்தாலும், மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை விழித்திருக்கும். டெல்லில் ஐடிராக், எச்பியில் ஐஎல்ஓ என்று பெயர். இன்டெல், டெல், எச்பி, என்இசி சேர்ந்து 1998இல் கொண்டுவந்த ஐபிஎம்ஐ கட்டளைகளால் இதை இயக்கலாம்.

உள்ளே போனதும் கன்சோலைத் திறந்து, திரையில் தெரிவதை முதலில் படமெடுங்கள். கெர்னல் பேனிக்கா, மெமரி தீர்ந்ததா, டிஸ்க் போனதா என்பதற்கு அதுவே ஒரே சாட்சியாக இருக்கலாம்; ரீஸ்டார்ட் ஆனால் அழிந்துவிடும். பலரும் தவறவிடுவது இதைத்தான். மறுநாள் காலை 'ஏன் ஹேங் ஆனது?' என்று மேலாளர் கேட்கும்போது கையில் எதுவும் இருக்காது. அதன்பிறகு 'பவர் சாஃப்ட்' கொடுத்து ஐந்து நிமிடம் காத்திருங்கள். அசையவில்லையா, 'ரீசெட்'. அதற்கும் மசியாதபோதுதான் மின்சாரத்தையே துண்டித்துக் கொடுக்கும் 'பவர் சைக்கிள்'.

பிஎம்சிக்குப் போகும் இந்த இரண்டாவது வழி, எஸ்எஸ்எச் போகும் முதல் வழியோடு சேர்ந்து படுத்துவிடக் கூடாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை முதுகெலும்பு நெட்வொர்க்கையே அறுத்தது. அவசரத்துக்கென்று வைத்திருந்த தனி வழியும் கைகொடுக்கவில்லை. பொறியாளர்கள் டேட்டா சென்டர்களுக்கு நேரில் போக வேண்டியதாயிற்று. சேவை திரும்பச் சுமார் ஆறு மணி நேரம் பிடித்தது. எனவே பிஎம்சிக்குத் தனி நெட்வொர்க் கேளுங்கள். அதை இணையத்தில் திறந்துவிடாதீர்கள்; தயாரிப்பு நிறுவனம் கொடுத்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். புதிய பாஸ்வேர்டை அந்த சர்வரிலேயே ஓடும் விக்கியில் எழுதி வைக்காதீர்கள்.

ரீஸ்டார்ட் தீர்க்காத கோளாறும் உண்டு. 2024 ஜூலை 19 காலை, பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பழுதான அப்டேட் ஏறிய சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளில் பல, எழுந்து எழுந்து விழுந்தன. சேஃப் மோடில் நுழைந்து ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. கன்சோல் இருந்த சர்வர்களில் இருந்த இடத்திலிருந்தே அதைச் செய்ய முடிந்தது. இல்லாத இடங்களில் கணினி கணினியாக நடந்தார்கள். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டவை மீட்புச் சாவியையும் கேட்டன. உங்கள் சர்வர்களின் மீட்புச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றைய ஷிஃப்ட் முடிவதற்குள் கேட்டு வையுங்கள்.