'வெண்பா'வுக்குக் கிடைத்த புகழ் மிகையா?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல் துறை)

முன்னுரை

நூலை ஆராய்கிறோம், நாடகத்தை ஆராய்கிறோம், திரைப்படத்தை ஆராயவும் பழகிவிட்டோம். ஆனால் கணினி விளையாட்டை ஆராய வேண்டும் என்றால் நம்மில் பலர் நகைப்பர். 'அது நேரத்தை விழுங்கும் பூதம்' என்று பெரியோர் கூறுவர். தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் பத்து இளைஞர் அமர்ந்திருந்தால், அவருள் பாதிப்பேரின் கைபேசியில் ஏதோ ஓர் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். இத்தனை பேரின் பொழுதை எடுத்துக்கொள்ளும் ஒன்றை நல்லது, கெட்டது என்று பகுத்துப் பார்க்காமல் விடுவது அறிவுடைமை ஆகாது.

ஆராய்ச்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். தமிழ்க் குடும்பம் ஒன்றையே கதையாகக் கொண்டு, உலக அரங்கில் பெரும் பாராட்டுப் பெற்ற 'வெண்பா' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். இதற்குக் கிடைத்த புகழ் தகுதியானதா, மிகையானதா என்பதே இக்கட்டுரையின் வினா. மதிய இடைவேளையில் எங்கள் வகுப்பில் இதைப் பற்றி இரண்டு கட்சிகள் உருவாயின. அவ்விரு கட்சியின் வாதங்களையும் முதலில் வைத்து, பின்னர் என் முடிவைக் கூறுகிறேன்.

விளையாட்டும் அதன் கதையும்

கனடா நாட்டின் டொரண்டோ நகரில் இயங்கும் 'விசை கேம்ஸ்' என்ற சிறு நிறுவனம் இதனை உருவாக்கி, 2023ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்ற பெண்ணே கதைத்தலைவி. கணவர் பெயர் பாவலன். மகன் பெயர் கவின். ஊரில் ஆசிரியையாக இருந்த வெண்பாவுக்கு, போன இடத்தில் அந்த வேலை எளிதில் கிடைப்பதில்லை. மகன் வளர வளர வீட்டுத் தமிழை விட்டு விலகுகிறான். பள்ளியில் கவின் என்ற பெயர் 'கெவின்' ஆகிறது.

ஆடுபவர் செய்ய வேண்டிய வேலை சமையல். வெண்பாவின் தாய் கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறை படிந்தும் போயிருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து இட்லி, புட்டு, பிரியாணி முதலியவற்றைச் செய்து முடித்தால் கதை அடுத்த கட்டத்திற்கு நகரும்.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சுதந்திர விளையாட்டுகளுக்கான விழாவில் 'சூமஸ் மெக்நாலி பெரும்பரிசு' இதற்குக் கிடைத்தது. அடுத்த மாதமே பிரிட்டனின் 'பாஃப்டா' அமைப்பு இதனைச் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்ந்தெடுத்தது. தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு படைப்பு இந்த இரண்டு மேடைகளிலும் ஏறியது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் மகிழ்ச்சி வேறு, மதிப்பீடு வேறு.

புகழ் தகும் என்போர் வாதம்

முதல் வாதம், கருப்பொருள் பற்றியது. போர், கொள்ளை, கார்ப் பந்தயம் ஆகியவையே ஆட்டத்திற்கு ஏற்றவை என்ற எண்ணம் பரவியுள்ள உலகில், ஒரு தாயின் அடுப்படியைக் களமாக்கியது துணிச்சல். துப்பாக்கி இல்லாமலும் ஓர் ஆட்டம் மனத்தைத் தொட முடியும் என்று இது காட்டிவிட்டது.

இரண்டாம் வாதம், நுணுக்கம் பற்றியது. இட்லித் தட்டுகளை அடுக்கும் முறை, புட்டுக் குழலில் மாவும் தேங்காய்த் துருவலும் மாறி மாறி இடும் முறை, தாளிக்கும் ஓசை, வானொலியில் ஒவ்வொரு காலத்துத் திரையிசையின் சாயலில் ஒலிக்கும் பாடல்கள் ஆகியவை அயலார் கண்ணுக்கு அலங்காரமாக வைக்கப்படவில்லை. வீட்டை அறிந்தவர் செய்த வேலை என்பது தெரிகிறது.

மூன்றாம் வாதம், அளவு பற்றியது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்று குறை கூறுவோருக்கு இக்கட்சியினர் தரும் விடை சுவையானது. திருக்குறளின் யாப்பு குறள் வெண்பா. ஒவ்வொரு பாவும் ஈரடி, ஏழே சீர். வெண்பா என்று பெயர் வைத்த பொருளில் நீளம் தேடலாமா என்று கேட்கின்றனர். தராசில் நிறுத்து விற்கும் சரக்கா கலை?

புகழ் மிகை என்போர் வாதம்

எதிர்க்கட்சியினர் அதே பெயரைக் கொண்டே திருப்பி அடிக்கின்றனர். வெண்பாவின் பெருமை அதன் சுருக்கத்தில் மட்டுமா இருக்கிறது? அதன் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வேற்றுத்தளை ஒன்று புகுந்தாலும் அது வெண்பா ஆகாது. ஈற்றடி முச்சீராய், நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடிய வேண்டும். புலவர் அஞ்சிய பா அது. இந்த ஆட்டத்திலோ தவறு செய்தால் நட்டம் ஏதும் இல்லை. மீண்டும் அதே படியைச் செய்யலாம். தடுமாறினால் துப்பும் கிடைக்கும். தண்டனை இல்லாத தளை, தளையா?

அடுத்து, நம் வீட்டுப் பிள்ளைக்கு இதில் புதிர் ஏது என்று கேட்கின்றனர். ஒரு தட்டின் குழிக்கு மேல் அடுத்த தட்டின் குழி நேராக வராமல் அடுக்க வேண்டும், அப்போதுதான் ஆவி எல்லாத் தட்டுக்கும் ஏறும் என்பது இலண்டன் நடுவருக்குக் கண்டுபிடிப்பாக இருக்கலாம். குரோம்பேட்டையில் பிறந்தவருக்கு அது காலைக் காட்சி. அயலார்க்கு இருக்கும் புதுமையே இந்தப் புகழில் பாதி என்பது இவர்கள் முடிவு.

வேதியியல் மாணவன் என்ற முறையில் இதனோடு நானும் ஒன்று சேர்ப்பேன். இட்லியின் உண்மையான சோதனை தட்டில் இல்லை, மாவில் இருக்கிறது. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் 'லூக்கோனோஸ்டாக்' முதலிய நுண்ணுயிர்கள் பெருகி, அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குவதால்தான் மாவு பொங்குகிறது. அதற்கு வெதுவெதுப்பு வேண்டும். மார்கழி மாதத்தில் தாம்பரத்திலேயே மாவு பொங்கத் தாமதமாகும். பனி கொட்டும் டொரண்டோவில் ஒரு தமிழ்ப் பெண் மாவைப் பொங்க வைக்க என்ன பாடுபட்டிருப்பாள்! குடிபெயர்ந்தோரின் துன்பம் முழுவதும் அந்த ஒரு பாத்திரத்துக்குள் இருக்கிறது. ஆட்டமோ தன் புதிரைத் தட்டு அடுக்குவதில் வைத்தது. கைக்கு எட்டியதை விட்டுவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எந்த அளவுகோலால் அளப்பது?

'விளையாட்டு கலையாகவே முடியாது' என்று அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2010இல் எழுதி, பெரும் சர்ச்சையைக் கிளப்பினார். அதற்கு முன் 2007இல், விளையாட்டு வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 'பயோஷாக்' என்ற ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது ஒரு நல்ல கேள்வியை எழுப்பினார். கதை ஒன்று சொல்ல, ஆடும் செயல் வேறொன்று சொன்னால் அப்படைப்பு தனக்குத்தானே முரண்படாதா என்பதே அது. கதை சொல்லும் விளையாட்டுக்கு இதுவே முதல் அளவுகோல் ஆகலாம்: கை செய்வதும் கதை சொல்வதும் ஒன்றுபடுகின்றனவா?

இதற்கு ஓர் ஒப்பீடு காட்டுகிறேன். வெண்பா வென்ற அதே பெரும்பரிசைப் பத்தாண்டுகளுக்கு முன், 2014இல் வென்றது லூகஸ் போப் என்பவர் உருவாக்கிய 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. கற்பனை நாடொன்றின் எல்லையில் கடவுச்சீட்டுச் சோதிக்கும் குமாஸ்தாவாக அதில் ஆடுகிறோம். பிழைகள் கூடினால் சம்பளத்தில் பிடித்தம். பிடித்தம் கூடினால் வீட்டில் சோற்றுக்கும் கணப்புக்கும் பணம் இராது. பாவம் பார்த்து ஒருவரை உள்ளே விட்டால் தன் பிள்ளை பட்டினி கிடக்கலாம். முத்திரை குத்தும் சிறு செயலுக்குள்ளேயே அறத்தின் சங்கடம் முழுவதும் அடங்கிவிடுகிறது. இந்த அளவுகோலை வைத்தால் வெண்பாவின் முதற்பகுதி தாழ்கிறது. அங்கே கை இட்லி செய்கிறது. துயரத்தை உரையாடல் சொல்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரரைப் போல வாழ்கின்றன. ஒரே வீட்டில் வாழவில்லை.

ஆனால் ஓரிடத்தில் நிலைமை தலைகீழாகிறது. வளர்ந்துவிட்ட கவின், தாய் அருகில் இல்லாதபோது அவளுடைய தமிழ்க் குறிப்பைக் கொண்டு சமைக்க முயல்கிறான். அவனுக்குத் தமிழ் சரளமாகப் படிக்க வராது. சொற்களைத் தவறாகப் பொருள்கொள்கிறான்; அந்தத் தவறான பொருளை வைத்துக்கொண்டுதான் நாமும் சமைத்தாக வேண்டும். இங்கே புதிரின் கடினமும் மகனின் இழப்பும் ஒன்றே. பத்துப் பக்க வசனம் சொல்ல முடியாததை விரல் தடுமாறும் அந்தச் சில நிமிடங்கள் சொல்லிவிடுகின்றன. எதிர்க்கட்சி நண்பர்களும் இவ்விடத்தில் வாயடைத்துப் போனார்கள் என்பதைப் பதிவு செய்கிறேன்.

நம் வீட்டுக் குறிப்பேடு

இன்னொரு கோணமும் உண்டு. விமர்சனங்கள் பெரும்பாலும் இந்த ஆட்டத்தைப் புலம்பெயர்ந்தோர் கதையாகவே கண்டன. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கருத்து.

நம் கல்லூரியில் என்னைப் போல், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர் பலர். காலையில் வகுப்பில் கேட்ட ஆங்கிலப் பாடத்தை மாலையில் வீட்டில் சொல்லத் தெரிவதில்லை. 'இன்னிக்கு என்ன கண்ணு படிச்சே?' என்று அம்மா கேட்டால், 'கெமிஸ்ட்ரி' என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிகிறது. கவின் கடல் கடந்து சென்று இழந்ததை, நாம் பெருங்களத்தூரிலிருந்து பேருந்தில் வந்து போகும் தூரத்திற்குள்ளேயே இழக்கத் தொடங்கியிருக்கிறோம்.

அதோடு, வெண்பாவின் தாய் எழுதத் தெரிந்தவள். கிழிந்தாலும் அவளுக்கு ஒரு குறிப்பேடு இருந்தது. எங்கள் வீட்டில் அது கிடையாது. உப்பு எவ்வளவு என்று கேட்டால், 'கைக்குத் தெரியும்' என்பதே என் அம்மாவின் விடை. மாவு பொங்கிவிட்டதா என்பதை மூடியைத் திறக்காமல் வாசனையிலேயே சொல்லுவார். அமிலம், வாயு, வெப்பநிலை என்று நான் மூன்று பருவங்களாகப் படித்ததை, அவர் பெயர் இல்லாமலே அறிந்து வைத்திருக்கிறார். அழிந்த வரியை ஊகித்து நிரப்பலாம். எழுதப்படாத ஏட்டை எப்படி நிரப்புவது? எழுத்து நுழையாத அடுப்படிகளின் கதையை இந்த ஆட்டம் தொடவில்லை. அது அதன் குற்றம் அன்று. ஒரு குடும்பத்தின் கதையை அது சொன்னது. ஆனால் 'தமிழ் வாழ்வை முழுதாகக் காட்டியது' என்று நாமே புகழ்ந்துவிட்டால், அந்தப் புகழ் மிகையே ஆகும்.

முடிவுரை

இருதரப்பையும் கேட்டபின் என் முடிவு இது. விளையாட்டு என்ற அளவில் வெண்பாவுக்குக் கிடைத்த புகழ் சற்று மிகை. அதன் புதிர்கள் எளியவை. பிழைக்கு விலை இல்லை. கதையின் பாரத்தைப் பெரும்பாலும் உரையாடலே சுமக்கிறது. ஆனால் மகன் தாயின் கையெழுத்தைப் படிக்கத் திணறும் அந்த ஒரு பகுதிக்குக் கிடைத்த கவனம் போதாது. பரிசு முழுவதையும் அதற்கே கொடுத்திருந்தாலும் நான் மறுத்திருக்கமாட்டேன்.

'நம் இட்லிக்கு அயல்நாட்டில் விருது' என்று மார்தட்டுவதும் விமர்சனம் ஆகாது. 'இட்லி சுடுவதற்கா விருது?' என்று உதட்டைப் பிதுக்குவதும் விமர்சனம் ஆகாது. இரண்டும் படைப்பைப் பார்க்கவில்லை, பரிசைப் பார்க்கின்றன. அயல்நாட்டு நடுவர்கள் தமக்குப் புதிதாய்த் தெரிந்ததைப் பாராட்டினர். அடுக்கியது சரியா, மாவு எங்கே, ஏடு யாருடையது என்று கேட்கக்கூடியவர்கள் நாம். அந்தக் கேள்விகளைக் கேட்பதே இத்தகைய படைப்புக்கு நாம் செய்யும் மரியாதை.

நண்பர்களே! இனி ஒரு கதை விளையாட்டை ஆடும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். என் கை செய்வதும் கதை சொல்வதும் ஒன்றா? நான் பிழை செய்தால் கதையில் யாருக்கேனும் வலிக்கிறதா? இதைப் புகழ்ந்தவர் எந்தக் கண்ணால் பார்த்தார்? விடை எதுவாயினும், ஆடியவர் ஆய்வாளராக உயர்வது உறுதி. கணினித் துறை நண்பர்கள் நாளை தாமே ஓர் ஆட்டம் படைக்க முனைந்தால், வேதியியல் துறை மாணவனின் விண்ணப்பம் ஒன்று: எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயைத் தலைவியாக்குங்கள். மாவு பொங்குகிறதா இல்லையா என்பதைப் புதிராக்குங்கள். தேவையான செய்முறை விளக்கத்திற்கு அவரவர் வீட்டு அடுப்படியே ஆய்வுக்கூடம்.