சூரியப் பம்பியும் தோட்டக் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. காலபோக நெல் மழையை நம்பி விதைக்கப்படுகின்றது. வெங்காயம், மிளகாய், கத்தரி முதலிய தோட்டப்பயிர்களுக்குக் கிணற்று நீரே ஆதாரம். முற்காலத்தில் ஒருவர் துலா மிதிக்க, மற்றொருவர் பட்டையால் இறைத்தார். பின்னர் மண்ணெண்ணெய்ப் பம்பி வந்தது. 1990ஆம் ஆண்டின் பின் போர்க்காலத்திலும், 2022இலும் எரிபொருள் அரிதானபோது கமக்காரர் பெரிதும் இடர்ப்பட்டனர். சூரியப் பம்பி இவ்விடரை நீக்கவல்லது.

படல்களை அமைத்தல்

சூரியப் படல்கள் ஒளியை மின்னாக மாற்றிப் பம்பியை இயக்குகின்றன. அவற்றைத் தெற்கு நோக்கி, ஏறத்தாழ 10 பாகை சாய்வில் பொருத்துதல் வேண்டும். பனை, தென்னை நிழல் ஒரு மூலையில் விழினும் மின் வெகுவாகக் குறையும். செம்மண் புழுதியை அதிகாலையில் கழுவி அகற்றுக.

காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை இறைப்பு மிகுதியாயிருக்கும். அந்நேரம் பாத்தியிற் பாய்ச்சின் நீர் ஆவியாகி வீணாகும். ஆதலால் உயர்ந்த தொட்டியில் நிரப்பி, மாலையிலோ மறுநாட் காலையிலோ பாய்ச்சுதல் நன்று. தொட்டி இருப்பின் மின்கலவடுக்கு வேண்டியதில்லை.

கிணற்றைக் காத்தல்

குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லில் நன்னீர், கனத்த உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்து நிலைத்தால், கீழுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி உயரக்கூடும். மண்ணெண்ணெய்க்குப் பணம் செலவாவதால் கமக்காரர் வேண்டியவளவு இறைத்ததும் பம்பியை நிறுத்துவர். சூரியப் பம்பிக்கு மணிதோறும் செலவில்லை; ஆதலால் அளவின்றி இறைக்கும் பழக்கம் உண்டாதல் எளிது. கிணறு ஒருமுறை உவராயின் அது தெளியப் பல மாரிகள் செல்லலாம்.

எனவே பின்வருவன கவனிக்கத்தக்கன:

1. ஒரு பரப்புக்கு 1 அங்குல நீர் என்பது ஏறத்தாழ 6,400 லீற்றர். 4 பரப்புத் தோட்டத்திற்கு நாளுக்கு ஒரு பரப்பாக முறைவைத்துப் பாய்ச்சினால் சிறிய பம்பியும் அவ்வளவு கொள்ளும் தொட்டியுமே போதும்.

2. தொட்டி நிறைந்ததும், கிணற்று நீர் குறித்த மட்டத்திற்குத் தாழ்ந்ததும் பம்பி தானே நிற்கும் கருவியைப் பொருத்துக.

3. கோடை முடிவில் ஆண்டுதோறும் கிணற்று நீரின் உவர்த்தன்மையைச் சோதிப்பிக்க. உவர் ஏறினால் இறைப்பைக் குறைக்க.

4. மாரிக்கு முன் வயல் வரம்புகளை உயர்த்தி, குளங்களைத் தூர்வாருக. அங்கே தேங்கி நிலத்தில் இறங்கும் மழைநீரே கோடையில் தோட்டக் கிணற்றில் ஊறுவதாகும்.