அளந்து பார்த்ததே உங்களுடையது

வீட்டு உள் அலங்கார வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு,

என்னிடம் சேரும் பிள்ளைகள் முதல் நாளே கைப்பேசியைத் திறந்து தாங்கள் சேர்த்து வைத்த படங்களைக் காட்டுகிறார்கள். நூற்றுக்கணக்கில் இருக்கும். படம் பார்ப்பதில் தவறில்லை. நானும் இதழ்களிலிருந்து பக்கங்களை வெட்டி நோட்டில் ஒட்டி வளர்ந்தவள்தான். ஆனால் அந்த அறை எத்தனை அடி, சன்னல் எந்தத் திசை, அந்த வெள்ளை விரிப்பை யார் துவைக்கிறார்கள் என்று எந்தப் படமும் சொல்வதில்லை. சொல்லாத அந்த மூன்றில்தான் நம் தொழிலே இருக்கிறது. முப்பத்தைந்து வருடங்களில் நான் கற்றதில் உங்களுக்கு உதவும் என்று நினைப்பதை எழுதுகிறேன்.

1. முதல் நாள் எதையும் வரையாதீர்கள்.

வேலை செய்யப்போகும் வீட்டில் சும்மா உட்காருங்கள். காலையில் ஒரு முறை, மாலை நான்கு மணிக்கு ஒரு முறை. தொடக்க காலத்தில் திருச்சியில் ஒரு வீட்டுக்கு, வெளிநாட்டு இதழில் பார்த்த ஒரு கூடத்தை அப்படியே செய்து கொடுத்தேன். சுவர் அகலத்துக்குக் கண்ணாடி சன்னல், எதிரே வெளிர் நிற சோபா. வேலை முடிந்த அன்று எல்லாரும் பாராட்டினார்கள். இரண்டு வருடம் கழித்துப் போனபோது, அந்த அழகான சன்னலில் பழைய போர்வை ஒன்று ஆணி அடித்துத் தொங்கியது. அது மேற்குச் சன்னல். பிற்பகல் முழுக்க அந்தக் கூடத்தில் உட்கார முடியாது. அந்த வீட்டு அம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பினார். இதழில் வந்த வீடு குளிர் நாட்டு வீடு, அவர்களுக்கு வெயில் விருந்தாளி என்பதை நான் யோசிக்கவே இல்லை.

2. வீட்டாரின் ஒரு நாளைக் கேட்டு எழுதுங்கள்.

"உங்களுக்கு என்ன ஸ்டைல் பிடிக்கும்?" என்று கேட்டால் அவர்களும் கைப்பேசியைத்தான் காட்டுவார்கள். வேறு கேள்விகள் கேளுங்கள். கிரைண்டர் எங்கே நிற்கும்? கழுவிய பாத்திரத்தை எங்கே கவிழ்ப்பீர்கள்? மழைக்காலத்தில் ஈரத்துணி எங்கே காயும்? கொலு வைப்பீர்களா, எத்தனை படி? ஊரிலிருந்து ஆறு பேர் வந்தால் பாயும் தலையணையும் எங்கிருந்து வரும்? பாட்டி இரவில் எத்தனை முறை எழுந்திருப்பார்? பதில்களை எழுதிக்கொண்டு வந்தால் பாதி வரைபடம் கையில் வந்துவிடும்.

3. டேப் இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

ஒரு நாற்காலி சுகமாக இருந்தால் அதன் உயரத்தை அளந்து எழுதுங்கள். பெரும்பாலும் 17, 18 அங்குலம் வரும். சாப்பாட்டு மேசை 30 அங்குலம். ஆள் தாராளமாக நடக்க 3 அடி வழி. அளவோடு காரணத்தையும் கேளுங்கள். துணி அலமாரிக்கு 2 அடி ஆழம் எதற்கு? ஹேங்கரில் சட்டை மாட்டினால் கதவு இடிக்காமல் சாத்த வேண்டும், அதற்காக. மடித்து அடுக்கும் புடவைக்கு அவ்வளவு ஆழம் வேண்டாம். கொடுத்தால் பின்வரிசைப் புடவைகளை வீட்டுக்கார அம்மா மறந்தே போவார். சமையல் மேடைக்கும் இதே கதைதான். 33, 34 அங்குலம் என்று எங்கும் போடுகிறார்கள். சமைப்பவரை நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு நான்கைந்து அங்குலம் கீழே மேடை வருகிறதா என்று பாருங்கள். குள்ளமான ஒருவர் உயரமான மேடையில் முப்பது வருடம் காய் நறுக்கினால் அந்தத் தோள்வலிக்கு நாம்தான் பொறுப்பு.

4. பழைய வீடுகளில் நேரம் செலவழியுங்கள்.

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது, 1996-இல் திறந்தது. தமிழகம், கேரளம், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய இடங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் திரும்பாதீர்கள். திண்ணையில் உட்காருங்கள், தெருவில் போகிறவரோடு பேச அந்த உயரம் எப்படித் தோதாக இருக்கிறது என்று பாருங்கள். காரைக்குடிப் பக்கம் போனால் செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குத் தூணைத் தொடுவதோடு நிற்காமல், முகப்பிலிருந்து வளவுக்கு நடக்கும்போது வெளிச்சம் எப்படிக் குறைந்து முற்றத்தில் மறுபடி கூடுகிறது என்று கவனியுங்கள். தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையில், தரையில் அமர்ந்தவரின் கண்மட்டத்துக்குச் சன்னல் இறங்கி வந்திருப்பதைப் பாருங்கள்.

அங்கிருந்து தூணை எடுத்து வராதீர்கள், காரணத்தை எடுத்து வாருங்கள். எட்டாவது மாடி ஃபிளாட்டில் திண்ணை கட்ட முடியாது. பால்கனி ஓரம் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பலகை மேடை போட்டால், மாலையில் அந்த வீட்டுத் தாத்தா அங்கே வந்து உட்கார்வார். திண்ணை வந்துவிட்டது. தூணையே கொண்டு வருவதென்றால் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவைப் போலக் கொண்டு வர வேண்டும். கொழும்பில் தாம் வாழ்ந்த வீட்டில் செட்டிநாட்டுத் தூண்களை வைத்தார் அவர். வெளிச்சம் மேலிருந்து இறங்கும் இடத்தில் அவை நிற்பதால் தூணுக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது.

5. பொருள் பிறக்கும் இடத்துக்குப் போங்கள்.

ஆத்தங்குடிக்கு ஒரு நாள் போய், தரைக்கல் செய்வதைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் நிறச் சிமென்ட்டைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அதன் மேல் மணலும் சிமென்ட்டும். நாம் பார்க்கப்போகும் முகம் அடியில் இருக்கிறது; கண்ணாடியைப் பிரிக்கும்வரை செய்தவருக்கே தெரியாது. சூளை கிடையாது. தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுப்பதோடு சரி. இதைப் பார்த்தவர்கள், அந்தக் கல்லை ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது என்று வீட்டாருக்குச் சொல்ல மறக்க மாட்டார்கள். சாதாரண டைல்ஸைவிடக் கனமாக இருப்பதால் தரைமட்டம் உயரும், கதவின் அடியைச் சீவ வேண்டியிருக்கும் என்பதும் முன்கூட்டியே நினைவுக்கு வரும்.

6. நிறம் கற்கப் புடவைக் கடைக்குப் போங்கள்.

காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மயில்கழுத்துக்கு அரக்கு, மாம்பழ மஞ்சளுக்குக் கிளிப்பச்சை. இரண்டும் முரண்டு பிடிக்கும் நிறங்கள்தான், ஆனாலும் சண்டை இல்லை. அளவுதான் காரணம். உடல் நிறைய, கரை கொஞ்சம், முந்தானை ஒரு ஓரத்தில் மட்டும். அறைக்கும் இதே கணக்கு. சுவரும் தரையும் உடல். மர வேலையும் திரைச்சீலையும் கரை. ஒரு பவானி ஜமக்காளம், இரண்டு தலையணை உறை, ஒரு படம், இவை முந்தானை. நான்கு சுவருக்கும் முந்தானை நிறத்தை அடித்துவிட்டுக் கண் கூசுகிறது என்று வருந்தாதீர்கள். பெயின்ட் வாங்கும் முன் இரண்டடிச் சதுரத்துக்கு இரண்டு சுவரில் அடித்து, காலை, மதியம், விளக்கு வைத்த பிறகு என்று மூன்று வேளையும் பாருங்கள்.

7. விளக்கைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

பூச்சு வேலைக்கு முன்பே பாயின்ட் முடிவாகிவிட வேண்டும். கூடத்தில் மாலை நேரத்துக்கு 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் இதமாக இருக்கும். ஆனால் அரிசியில் கல் பொறுக்கும் அம்மாவுக்கும் பாடம் எழுதும் குழந்தைக்கும் அது போதாது. அந்த இடங்களுக்குத் தனி விளக்கு கொடுங்கள். ஓட்டல் வெளிச்சம் ஓட்டலுக்குத்தான் சரி.

8. ஆசாரியிடம் யோசனை கேளுங்கள்.

வரைபடத்தை நீட்டி "இப்படியே செய்யுங்கள்" என்று சொல்லும் முன், "இதில் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேளுங்கள். நான் நான்கடி நீளத்துக்குப் புத்தகத் தட்டு வரைந்திருந்தேன். "பதினெட்டு எம்.எம். பலகை இந்தப் பாரத்துக்கு நடுவில் தொங்கிரும்மா, ஒரு நிறுத்து கொடுத்துருவோம்" என்றார் ஆசாரி. கல்லூரி சொல்லாததை அந்த ஒரு வரி சொன்னது. சிங்க் அடியில் தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 தர பிளைவுட்தான் போட வேண்டும், உள்ளறை அலமாரிக்கு 303 போதும் என்பதையும் பட்டறையில்தான் பழகினேன். அவர்களோடு டீ குடிக்கும் நேரம் வீணாகாது.

9. கணக்கைத் திறந்து வையுங்கள்.

எஸ்டிமேட்டில் பலகையின் கனம், கம்பெனி, கீல், சேனல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். கடைக்காரர் தரும் கமிஷனை மறைக்காதீர்கள். வீடு என்பது ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு.

10. ஒரு வருடம் கழித்துத் திரும்பிப் போங்கள்.

கூப்பிடாவிட்டாலும் போங்கள். புதிதாக எங்கே ஆணி அடித்திருக்கிறார்கள், எந்தக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது, எந்த நாற்காலி இடம் மாறியிருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள். நாம் கவனிக்கத் தவறியதை வீட்டார் தங்கள் கையால் திருத்தியிருப்பார்கள். அதைவிட நல்ல பாடப் புத்தகம் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்தத் திருச்சி அம்மா பல வருடம் கழித்துத் தம் மகள் வீட்டு வேலைக்கு என்னையே கூப்பிட்டார். மாலை நான்கு மணிக்குப் போய், மேற்கு அறையில் தரையில் உட்கார்ந்தேன். ஐந்தரைவரை இருந்தேன். வெயில் சுவரில் எதுவரை ஏறியது என்று பென்சிலால் கோடு போட்டேன், டேப்பை எடுத்து அளந்தேன். அதன் பிறகுதான் நோட்டைத் திறந்தேன்.