கடைக்காரருக்கு ஆங்கிலம்: ‘செட் ஆஃப்’

மொத்த வியாபாரிகளிடமிருந்தும் பேங்குகளிலிருந்தும் வரும் கடிதங்களில் ‘செட் ஆஃப் அகெய்ன்ஸ்ட்’ என்ற தொடரை நம் சகோதரர்கள் பார்த்திருப்பார்கள். ‘அகெய்ன்ஸ்ட்’ என்றதும் நம்மேல் வழக்குப் போட்டுவிட்டார்கள் என்று பதறுவோர் உண்டு. ‘செட் ஆஃப்’ என்றால் புறப்படுதல் என்று பள்ளியில் படித்தவரோ, சரக்குப் புறப்பட்டுவிட்டதென்று காத்திருப்பார். இரண்டும் பிசகு.

ஜவுளிக் கடைக்காரர்களுக்கு இது சுலபமாய் விளங்கும். கருநீல வெல்வெட்டில் தங்கச் சரிகை எடுப்பாய்த் தெரிகிறது. மஞ்சள் துணியில் மங்கிவிடுகிறது. கருநீலம் சரிகையைச் ‘செட் ஆஃப்’ செய்கிறது என்பான் வெள்ளைக்காரன். மாறான ஒன்றை எதிரே வைத்தால் மற்றது துலங்கும். கணக்கில் அச்சொல்லுக்குக் கழித்தல் என்ற பொருளும் சேர்கிறது. வரவுக்கு எதிரே பற்றை வைத்துக் கழிக்கிறோம். ஆகவே இங்கே ‘அகெய்ன்ஸ்ட்’ என்பது பகையன்று, எதிர்ப் பக்கம்.

நீங்கள் மொத்தக் கடைக்குத் தரவேண்டியது 3,200 வெள்ளி. திருப்பியனுப்பிய சரக்குக்கு அவர்கள் உங்களுக்குத் தரவேண்டியது 700 வெள்ளி. 3,200-க்கு எதிரே 700-ஐச் ‘செட் ஆஃப்’ செய்தோம் என்று எழுதினால், நீங்கள் 2,500 அனுப்பினால் போதும். 700-க்குத் தனியாகச் செக் வராது. மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு ‘முகாஸ்ஸா’ என்றாலே புரிந்துவிடும். மலேசிய இஸ்லாமியப் பேங்குப் பத்திரங்களிலும் அச்சொல் வருவதுண்டு. ‘ரைட் ஆஃப்’ என்பது வேறு. அது வராத கடனைத் தள்ளி எழுதுவது.

வருமான வரியிலும் இச்சொல் உண்டு. மலேசியாவின் 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, ஓராண்டின் வியாபார நஷ்டத்தை அதே ஆண்டின் வாடகை முதலிய பிற வருமானத்தில் கழிக்கலாம். மிஞ்சிய நஷ்டத்தைப் பின்வரும் ஆண்டுகளில் வியாபார வருமானத்தில்தான் கழிக்க முடியும்.

மிகவும் கவனிக்க வேண்டியது பேங்குத் தாள். கணக்குத் திறக்கும்போதும் கடன் வாங்கும்போதும் நாம் வாசிக்காமல் கையெழுத்திடும் தாளில் இந்த உரிமை பெரும்பாலும் ஒரு ஷரத்தாக இருக்கும். கடன் தவணை தவறினால், அதே பேங்கில் உங்கள் பெயரிலுள்ள வேறு கணக்குப் பணத்தை எடுத்து அவர்கள் கடனில் கழித்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். ஜகாத்துக்கென ஒதுக்கிய பணமாயினும் பேங்குக்கு அது உங்கள் பணம்தான். சரக்குக்காரருக்குக் கொடுத்த செக்கும் அப்போது திரும்பிவிடும். அந்த ஷரத்தில் ‘வித்தவுட் நோட்டீஸ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முன்கூட்டிச் சொல்லாமலே எடுப்பார்கள்.