தரையில் நின்று பறந்த விமானம்

தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்க இயலாது என்பர். தச்சும் நெசவும் அத்தகையனவே. பழகும்போது பிழை நேர்வது இயல்பு. நெசவு பழகும் சிறுவன் தவறினால் நூல் அறும், அதை முடிந்துகொள்ளலாம். விமானம் ஓட்டப் பழகுபவன் தவறினால், அத்தவறே அவனுக்குக் கடைசித் தவறாகிவிடலாம். பிழை செய்தே கற்க வேண்டிய கலையை, பிழைக்கு இடம் கொடாத வானத்தில் எவ்வாறு கற்பது? இதற்கு வழி கண்டவர், இசைக்கருவி செய்யும் குடும்பத்தில் வளர்ந்த ஓர் இளைஞர்.

அவர் பெயர் எட்வின் லிங்க். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில் அவர் தந்தையார் ஆர்கன்களும் பியானோக்களும் செய்யும் தொழிற்சாலை நடத்தி வந்தார். ஆர்கன் என்பது துருத்திகளின் காற்றால் ஒலிக்கும் பெரிய இசைக்கருவி. காற்றை அடக்கியும் விடுத்தும் வேலை வாங்கும் நுட்பம் லிங்குக்கு இளமையிலேயே கைவந்திருந்தது. விமானம் ஓட்டுவதிலும் அவருக்குத் தீராத வேட்கை. பயிற்சிக் கட்டணமோ மிகுதி. எனவே 1929-இல் அவர் ஒரு கருவியைச் செய்து முடித்தார். குட்டை இறக்கைகளுடன் கூடிய சிறு மரக்கூடு அது. அதன் அடியில் ஆர்கன் துருத்திகள் இருந்தன. உள்ளே அமர்ந்தவன் பிடியை அசைத்தால் ஒரு துருத்தி உப்பும், மற்றொன்று சுருங்கும். கூடு விமானத்தைப் போலவே சாயும், நிமிரும், திரும்பும்.

விமானப் பயிற்சித் துறையினர் இதனைப் பெரிதாக மதிக்கவில்லை. வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள்! நம் ஊர்த் திருவிழாவில் இராட்டினம் ஏறுவதுபோல, மக்கள் காசு கொடுத்து அதில் ஏறி மகிழ்ந்தனர்.

1934 பிப்ரவரியில் நிலைமை மாறிற்று. அமெரிக்க அரசு தனியார் நிறுவனங்களின் ஒப்பந்தங்களை நீக்கிவிட்டு, விமான அஞ்சல் பணியைத் தன் படையினரிடம் ஒப்படைத்தது. அது கடுங்குளிர்காலம், பனிப்புயலும் மூடுபனியும் இரவின் இருளும் சூழ்ந்தன. நிலத்தைக் கண்ணால் பார்த்து ஓட்டியே பழகியவர்கள் அவ்விளம் விமானிகள். மேகத்துள் புகுந்தவனுக்கு மேல் எது, கீழ் எது என்பது விளங்காது. அவன் உடலுணர்வே அவனை ஏமாற்றும். எதிரேயுள்ள கருவிகளின் முள்ளை மட்டும் நம்பி ஓட்டும் பயிற்சி அவர்களுக்குப் போதியதாக இல்லை. சில வாரங்களுக்குள் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர்.

அப்போது படை அதிகாரிகளைக் காண லிங்க் நெவார்க் நகருக்குப் புறப்பட்டார். அன்று அங்கே அடர்ந்த மூடுபனி. இந்நிலையில் யார் வரப்போகிறார் என்று அதிகாரிகள் எண்ணியிருக்க, கருவிகளையே துணையாகக் கொண்டு அவர் செவ்வனே வந்து இறங்கினார். இதைவிட வேறு சான்று வேண்டுமோ? அவ்வாண்டே படையினர், ஒன்று 3,500 டாலர் வீதம் ஆறு கருவிகளை வாங்கினர்.

பயிற்சி நடந்த முறையை அறிவது நன்று. மாணவன் அமர்ந்ததும் கூட்டின் மேல்மூடியை மூடிவிடுவர். அவனுக்குக் கருவிகளன்றி வேறொன்றும் தெரியாது. ஆசிரியர் வெளியே மேசை முன் அமர்ந்து, காற்றின் திசையைத் தம் விருப்பப்படி மாற்றுவார். மேசைமேல் விரித்த நிலப்படத்தின்மீது ஒரு சிறு பொறி ஊர்ந்து, மாணவன் பறந்த வழியை மையால் வரைந்து செல்லும். வழி தவறியவன் இறங்கி வந்து, தான் சுற்றி அலைந்ததைத் தானே காண்பான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 5 இலட்சம் பேருக்கு மேல் இக்கருவியில் பயின்றனர்.

எளியதாய், குறையுள்ளதாய்த் தோன்றிப் பெரியோரால் புறக்கணிக்கப்படும் ஒரு பொருள், வேறோர் இடத்தில் வளர்ந்து வந்து, பழைய முறையைப் பெயர்த்துவிடுவது உண்டு. 1995-இல் கிளேட்டன் கிறிஸ்டென்சன் என்னும் பேராசிரியர் இத்தகைய மாற்றத்தை ஆராய்ந்து எழுதினார். லிங்கின் மரக்கூடு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கணிப்பொறி வந்தபின், மரமும் துருத்தியும் இன்றியே உலகங்களைப் படைக்க முடிந்தது. இவற்றை மெய்நிகர் உலகங்கள் என்கிறோம். 2003-இல் தோன்றிய செகண்ட் லைஃப் அவற்றுள் ஒன்று. அதில் நுழைபவர் தமக்கென ஓர் உருவம் கொண்டு நடமாடலாம். பல்கலைக்கழகங்கள் பல அங்கே இடம் பெற்றுக் கட்டடங்கள் எழுப்பின. ஆனால் என்ன கட்டின? பெரும்பாலும் வரிசை வரிசையாக நாற்காலிகள் இட்ட விரிவுரை மண்டபங்களையே கட்டின! பறக்கவும் இயலும் உலகிற்குச் சென்று, நாற்காலியில் அமர்ந்து கைகட்டிப் பாடம் கேட்பதாற் பயன் யாது? நாளடைவில் அம்மண்டபங்கள் பல வெறிச்சோடின.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து மருத்துவ ஆசிரியர்கள் வேறு வழியில் சென்றனர். மனச்சிதைவு நோயாளரின் துன்பத்தை நூல் படித்த மாணவர் சொற்களாக அறிவர். நோயாளர் உள்ளத்தினுள் புகுந்து பார்க்க மெய்யுலகில் வழியில்லை. ஆதலின் அவ்வாசிரியர்கள் நோயாளரையே கேட்டறிந்து, செகண்ட் லைஃபில் ஒரு மருத்துவமனையை அமைத்தனர். உள்ளே நடப்பவரை உருவமில்லாக் குரல்கள் இகழும். காலடியில் தரை மறைந்து மேகம் தோன்றும். 2006-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, அங்குச் சென்று வந்து கருத்துரைத்தவர்களுள் பெரும்பாலோர், நோயாளர் கேட்கும் குரல்களைப் பற்றித் தாம் முன்னைவிட நன்கு உணர்ந்ததாகக் கூறினர்.