இதயத்தின் பகைவர்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி., விலங்கியல்)

உடலில் ஓய்வறியாத உழைப்பாளி இதயம். நிமிடத்திற்குச் சுமார் 72 முறையும், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறையும் அது துடிக்கிறது. உடலெங்கும் இரத்தத்தை அனுப்பும் இதயம், தன் தசைக்கு வேண்டிய இரத்தத்தைக் கரோனரி தமனிகள் என்னும் சிறு குழாய்கள் வழியாகவே பெறுகிறது. அக்குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, அப்படிவு கிழிந்து, அங்கே இரத்தம் உறைந்து வழியை அடைத்தால் மாரடைப்பு நேர்கிறது. இது நாம் வகுப்பில் படித்த பாடம். படித்த பாடம் வீட்டிற்குப் பயன்பட்டதா?

என் தந்தையார் திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். "உழைக்கிற உடம்புக்கு மாரடைப்பு எங்கேயிருந்துடா வரும்?" என்பார். சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில் மார்பை அழுத்துவதாகச் சொன்னார். இடத்தோள் வலித்தது, உடல் வியர்த்தது. "வாயுதான். ஒரு சோடா வாங்கிட்டு வா" என்றார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நான், மறுபேச்சின்றி சோடா வாங்கி வந்தேன். இரண்டு மணி நேரம் வீணான பிறகே மருத்துவமனைக்குச் சென்றோம். உயிர் தப்பினார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி பழுதுபட்டுவிட்டது. இனி மூட்டை தூக்கலாகாது என்று மருத்துவர் கூறிவிட்டார்.

ஆராய்ச்சி கூறுவது

அமெரிக்காவில் பிராமிங்காம் என்னும் ஊரில் 1948 இல் 5,209 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. அவர்களைப் பல்லாண்டுகள் கவனித்ததில் உயர் இரத்த அழுத்தம், மிகுந்த கொலஸ்டிரால், புகைபிடித்தல் ஆகியவை இதய நோய்க்கு வழிகோலுவது தெளிவாயிற்று.

கேரளத்தில் பிறந்த மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004 இல் வெளிவந்தது. முதல் மாரடைப்புக்கான அபாயத்தில் நூற்றுக்குத் 90 பங்கு ஒன்பது காரணிகளால் விளைவதாக அது கண்டது. அவையாவன: புகை, இரத்தக் கொழுப்பின் சீர்கேடு, இரத்த அழுத்தம், நீரிழிவு, தொந்தி, மனவுளைச்சல், காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மதுப் பழக்கம் தொடர்பானது. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு பிற நாட்டவரைவிடச் சுமார் ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதும் இவ்வாய்வில் தெரிந்தது.

எங்கள் வீட்டுக் கணக்கு

இப்பட்டியலை வைத்துத் தந்தையாரின் வாழ்வைக் கணக்கிட்டுப் பார்த்தேன். உழைப்பு இருந்தது, தொந்தி இல்லை. ஆனால் நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி. காய்கறி மூட்டைகளைச் சுமந்தவரின் தட்டில் காய் இல்லை; பழைய சோறும் ஊறுகாயும் கருவாடுமே இருந்தன. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மிகுந்திருந்ததோ மருத்துவமனையில்தான் தெரிந்தது. ஒரு நற்பழக்கம் மற்றத் தீமைகளை அழித்துவிடாது. காரணிகள் ஒன்றோடொன்று சேரச் சேர அபாயம் பெருகும்.

இரத்த அழுத்தம் வலிப்பதில்லை. தொடக்கத்தில் சர்க்கரையும் வலிப்பதில்லை. அளந்தால் மட்டுமே தெரியும். தமிழக அரசு 2021 இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் ஒரு பெண் ஊழியர் கருவியுடன் எங்கள் வாசலுக்கே வந்தார். "எனக்கு ஒண்ணுமில்லம்மா, அடுத்த வீட்டைப் பாருங்க" என்றார் தந்தையார். நான் வாளாவிருந்தேன். அம்மௌனமே இன்றும் என்னை உறுத்துகிறது.

நாம் செய்ய வேண்டுவது

புகையை விட்ட ஓராண்டிற்குள் இதய நோயின் கூடுதல் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். வாரத்திற்கு 150 நிமிட விறுவிறுப்பான நடை நலம் தரும். மார்பில் அழுத்தமும் வியர்வையும் கண்டால் சோடாவைத் தேடாமல் 108 ஐ அழைக்க வேண்டும்.

இன்று தந்தையார் பீடியைத் தொடுவதில்லை. மருத்துவர் சொற்படி, திருவரங்கத்துச் சித்திரை வீதியில் நாள்தோறும் காலையில் நடக்கிறார். நானும் உடன் செல்கிறேன். நண்பர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் பெற்றோரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். அவர்கள் மறுத்தாலும் விடாதீர்கள். நம்மைப் படிக்க வைத்தவர்களுக்கு நம் படிப்பு முதலில் பயன்படட்டும்.